பப்பில் வீடியோ எடுத்து மிரட்டுகிறான்... போலீசுக்குப் போனால் எங்களையே பிடிப்பார்களா?

வாசகியின் கடிதம்

பெங்களூரில் வேலை பார்க்கும் 25 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் சின்ன ஊர். வேலை சாஃப்ட்வேர் கம்பெனியில், தங்கியிருப்பது பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் ஃபுட்பால் ஆடப் போன டர்ஃப் ஒன்றில், லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் பழக்கமாகி, ஒன்றரை வருடமாக இருவரும் இணையர். அவருக்குக் கிராப் முடி, எப்போதும் சட்டை பேன்ட். வாசகிக்கு இடுப்பு வரை பின்னல்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு இந்திராநகரில் ஒரு பப்புக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் செக்யூரிட்டி அந்தப் பெண்ணை ஆண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார். உள்ளே லேடீஸ் டாய்லெட் வாசலில் துப்புரவு செய்யும் அம்மா தடுத்தார். பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது வாசகி இணையின் தோளில் சாய, பக்கத்து மேசை ஆண்கள் மொபைலில் படம் எடுத்தார்கள். ஒருவன் எழுந்து வந்து, “நானும் சேர்ந்துக்கலாமா?” என்று கேட்டான். தகராறு வந்ததும் பவுன்சர் “ஃபேமிலி வர்ற இடம்” என்று சொல்லி இவர்கள் இரண்டு பேரைத்தான் வெளியே அனுப்பினார். 3,400 ரூபாய் பில்லையும் கட்டிவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள், பெயர் தெரியாத இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து அந்த வீடியோவின் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது. கூடவே, “வீட்டுக்குத் தெரியுமா? ஒரு தடவை மீட் பண்ணு, டெலீட் பண்ணிடறேன்.”

“377-ல் (ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கியிருந்த பழைய தண்டனைச் சட்டப் பிரிவு) எங்களையே உள்ளே தள்ளிவிடுவார்களா மேடம்? எங்களுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்ததே குற்றம்தானே? இனிமேல் குயர் (தன்பால் ஈர்ப்பாளர், திருநர் போன்றோர்) நிகழ்ச்சிகளுக்கு மட்டும் போவதுதான் பாதுகாப்பா? அங்கே போனால் எல்லோரும் இங்கிலீஷ். என்னைப் பார்த்தால் ‘நீங்க யாரோட ஃப்ரெண்ட்?’ என்கிறார்கள். நான் நிஜமாகவே இதில் சேர்த்தியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. வெளியே போகும்போது மட்டும் குர்த்தி போட்டுக்கொள் என்று இணையிடம் சொன்னேன். ‘நீ என் பின்னாடி ஒளிஞ்சுக்கற’ என்று சொல்லிவிட்டுச் சரியாகப் பேசுவதில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். விஷயம் தெரிந்தால் திரும்ப விடுவார்களா?”

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று போலீஸ், சட்டம். இன்னொன்று ஊர்க்காரர்கள் காதுக்குப் போய்விடுமே என்பது. முதல் பயத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. இரண்டாவது நியாயமான பயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அந்த ஆளுக்கு வசதியாகிவிடுகிறது. போலீசைப் பார்த்து நீங்கள் பயப்படுகிற வரைக்கும் அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வயது வந்த இருவர் மனமொப்பி வைத்துக்கொள்ளும் உறவு குற்றம் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே வழக்கொழிந்து, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 377-க்கு இணையான பிரிவே கிடையாது. பார்க்கிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஜோடிகளை மிரட்டுவதற்கு எடுக்கப்படுவது பொது இடத்தில் ஆபாசச் செயல் என்கிற 296-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தோளில் சாய்வதும் கைகோத்து நடப்பதும் அதற்குள் வராது. ராத்திரி நேரத்தில் “ஸ்டேஷனுக்கு வா” என்று யாராவது அதட்டினால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த பின் ஒரு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கு அசாதாரணக் காரணம் வேண்டும், பெண் அதிகாரி எழுத்தில் காரணம் தர வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியும் வேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் வர வேண்டும்.

மிரட்டுகிறவனை என்ன செய்வது?

வீடியோ எடுத்ததே குற்றம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவ்வளவு நேரடியாக இல்லை. ஒளிந்திருந்து படம் எடுப்பதைத் தண்டிக்கும் 77-வது பிரிவு, அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணைப் பற்றியது. நாலு பேர் பார்க்க ஆடுகிற இடத்தில் எடுத்த படம் அதில் அடங்குமென்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் அவன் அதோடு நிற்கவில்லையே. “சேர்ந்துக்கலாமா” என்று கேட்டதும், “மீட் பண்ணு” என்று எழுதியதும் பாலியல் தொல்லை. 75-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை தண்டனை. வீட்டுக்குச் சொல்வேன் என்ற மிரட்டல் 351-வது பிரிவு. பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் அதே பிரிவில் ஏழு ஆண்டு வரை போகலாம். பணம் கேட்டு வாங்கினால் 308, மிரட்டிப் பறித்தல். நீங்கள் விலகிய பிறகும் தொடர்ந்து மெசேஜ் அனுப்பினால் 78.

பெங்களூர் போலீஸ் இதையெல்லாம் கண்டுகொள்ளாது என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 மே மாதம், மெட்ரோவில் பெண்களுக்குத் தெரியாமல் படம் எடுத்துப் போட்டுவந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மீது வழக்குப் பதிந்து ஒருவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்துபோகும் பெண்களை எடுத்துப் போட்டவரும் கைதானார். இரண்டும் வெளிச்சத்துக்கு வந்து சத்தம் கிளம்பிய பிறகு நடந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: அவன் அனுப்பியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் முழுப் பெயரும், அந்தப் பக்கத்தின் முகவரியும், தேதியும் தெரிய வேண்டும். மேலிருந்து கீழ் வரை ஸ்கிரீன் ரெக்கார்டும் ஒன்று. பிறகுதான் பிளாக். அவசரப்பட்டு சாட்டை அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழுக்கு அது வேண்டியிருக்கும். அவனைப் போய்ப் பார்க்க வேண்டாம், “பேசித் தீர்த்துக்கலாம்” என்று பதிலும் போட வேண்டாம். உங்கள் ஃபுட்பால் டீமே வந்து அவனைக் கவனித்துக்கொள்ளும் என்ற வரியைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் வேண்டாம். ஒரு அடி விழுந்தால் போதும், புகார்தாரர் அவனாகிவிடுவான்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதில் லாப நஷ்டம் இரண்டும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு, பாலியல் வன்கொடுமை வகைக் குற்றங்களுக்குத்தான் தானாகவே கிடைக்கும். மிரட்டல் புகாருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆகவே, தகவலுக்கு உங்கள் சொந்த நம்பரையும் உங்கள் வக்கீலின் முகவரியையும் மட்டும் கொடுங்கள். ஊர் முகவரியையோ அப்பாவின் நம்பரையோ நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு 25 வயது. வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அதிகாரிக்கும் இல்லை.

புகாரை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று தட்டிக்கழிக்கவும் முடியாது; எங்கே கொடுத்தாலும் பதிந்தாக வேண்டும். இந்த வகைக் குற்றங்களில் பெண் அதிகாரிதான் உங்கள் வாக்குமூலத்தை எழுத வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930. வக்கீலுக்குக் காசில்லை என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. என் அபிப்பிராயம் கேட்டால், கொடுங்கள் என்பேன். “ஒரு தடவை” என்று ஆரம்பிக்கிறவன் ஒரு தடவையோடு விடுவதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. அவன் உங்கள் கணக்கை எப்படிப் பிடித்தான் என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். நீங்களே அடுத்த வரியில், உள்ளே உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தை டேக் செய்து ஸ்டோரி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள், ஆனால் வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.

வெளியே அனுப்பிய பப்

அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று போர்டு மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. கடைகள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்களில் பால் அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2). பால் என்பதில் பாலீர்ப்பும் அடங்கும் என்று 2018 தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை மீறிய தனியார் பப்புக்கு இன்ன தண்டனை என்று சொல்லும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. எட்டிப் பிடிக்கக்கூடிய வழி நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு, தொல்லை கொடுத்தவர்களை உட்காரவைத்து, தொல்லைக்கு ஆளானவர்களை எழுப்பி அனுப்பியது சேவைக் குறைபாடுதான். இரண்டு ஆண்டுக்குள் போடலாம், உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே உங்கள் பெயரில்தான் வழக்கு நடக்கும். இப்போதைய நிலையில் அது வேண்டாமென்று தோன்றினால் எனக்குப் புரிகிறது. அப்படியே விட்டாலும், அன்றைய தேதியும் நேரமும் போட்டு, சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு இன்றே ஒரு மெயில் தட்டுங்கள். பல இடங்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மிரட்டல் வழக்குக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

குர்த்தி விஷயம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். வக்கீல் இதில் எல்லாம் வாய் திறக்கலாமா என்று கேட்கலாம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அன்றைய ராத்திரியை உங்கள் இணையின் பக்கத்திலிருந்து ஒரு முறை வரிசையாகப் பாருங்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே பெண்கள் வரிசையில் உள்ளே போய்விட்டீர்கள். அவர் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில், பின்னால் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, தான் யார் என்று ஒரு செக்யூரிட்டிக்கு விளக்கிக்கொண்டு நின்றார். அப்புறம், டாய்லெட் போவதற்கு ஆதார் கார்டை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீடியோ விவகாரம் நடந்தபோது மணி பதினொன்று. அவருக்கு அன்றைய அவமானம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டது. மறுநாள் நீங்கள் குர்த்தி போடச் சொன்னபோது, செக்யூரிட்டி கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்டது போலத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னீர்கள். அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கும் இருக்கிறது: பின்னல் போட்ட இரண்டு பெண்கள் கைகோத்துப் போனால் நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோழிகள் என்று நினைத்துவிடுவார்கள். உங்கள் பாதுகாப்பு முழுக்க இந்தத் தவறான நினைப்பின் மேல் நிற்கிறது. குயர் நிகழ்ச்சியில் “யாரோட ஃப்ரெண்ட்?” என்று கேட்கிறார்களே, அதற்கும் இதே நினைப்புதான் காரணம். முடியையும் உடையையும் பார்த்து ஆளை முடிவுகட்டுகிற பழக்கம் அவரை வாசலில் நிறுத்துகிறது. உங்களை உள்ளே விட்டுவிட்டு, நீங்கள் இதில் சேர்த்தி இல்லை என்று சொல்கிறது. இதில் நீங்கள் சேர்த்தியா என்பதை அந்த ஹாலில் நிற்கிற யாரும் முடிவு செய்ய முடியாது. ஒன்றரை வருடமாக யாரை நேசிக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

உடையை மாற்றுவதற்குப் பதில் ஏற்பாட்டை மாற்றுங்கள். போவதற்கு முன் அந்த இடத்துக்கு போன் போட்டு, பெண்களைச் சோதிக்கப் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வாசலில் நீங்கள் முந்திக்கொண்டு, “நாங்க ரெண்டு பேரும் லேடீஸ் லைன்” என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் அவர் தலையில் விழ வேண்டாம். டாய்லெட்டுக்குச் சேர்ந்தே போங்கள். யாரிடம் தோழி என்பது, யாரிடம் இணை என்பது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களிடம் மறைப்பது உங்கள் உரிமை. அவரைக் கேட்காமல் அவர் முன்னாலேயே “இவ என் ரூம்மேட்” என்று சொல்லும்போதுதான் வலிக்கிறது. கிளம்பலாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஏன் என்று கேட்காமல் எழுந்துவிட வேண்டும். காரணத்தை வண்டியில் கேட்டுக்கொள்ளலாம்.

குயர் நிகழ்ச்சிகள் மட்டும் போதுமா?

போதாது, அதுதான் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். நம்மவர்கள் கூட்டம் என்பதாலேயே அத்துமீறல் நடக்காமல் போய்விடாது. போட்டோ எடுத்துப் போடுவதும் உண்டு. நுழையும்போதே படம் எடுக்க என்ன விதி என்று கேட்டுவிடுங்கள். மறுபக்கம், லேடீஸ் நைட் என்று பெண்களை இலவசமாக விடும் இடங்களையும் பாதுகாப்பான இடம் என்று நம்பிவிடாதீர்கள். பெண்கள் உள்ளே இருந்தால் ஆண்கள் காசு கொடுத்து வருவார்கள் என்கிற வியாபாரக் கணக்கு அது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கும் ஒரே இடம் அந்த டர்ஃப். வியர்த்து வழிந்து ஆடிவிட்டு, வாசலில் நின்று டீ குடிப்பதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அங்கே உங்களை யாரும் யாரோட ஃப்ரெண்ட் என்று கேட்டதில்லை. அதை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலை கப்பன் பார்க், போர்டு கேம் கஃபே, பெண்கள் குழுவாகப் போகும் டிரெக்கிங் எல்லாம் பெங்களூரில் உண்டு. 2008-லிருந்து நடந்துவரும் பெங்களூர் பிரைட் என்ற குயர் ஊர்வலத்துக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பத்திரிகை கேமராக்கள் இருக்கும். முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பவர்களும் உண்டு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இங்கிலீஷ் கூச்சத்துக்கு: 1999-லிருந்து இயங்கும் சங்கமா, ஆங்கிலம் பேசாத உழைக்கும் குயர் மக்களோடு வேலை செய்து வந்த அமைப்பு. சென்னையின் ஓரினம் குழு தமிழிலேயே நிறைய எழுதி வைத்திருக்கிறது. மனசு பாரமாக இருக்கும் ராத்திரிகளில் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

தீபாவளிக்குப் போவதற்கு முன்

வரன் விஷயத்தில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உண்மையைச் சொல்வதாக இருந்தால், ஊரில் அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லாதீர்கள். பெங்களூரில் இருந்துகொண்டு சொல்லுங்கள். என்னிடம் வந்த இந்த மாதிரி விஷயங்களில் பெண்ணை வீட்டில் பிடித்து வைத்தது பெரும்பாலும் பண்டிகைக்குப் போன சமயத்தில்தான்.

பிடித்து வைத்தால் வழி இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: காணவில்லை என்று புகார் வந்தாலும், மனமொப்பிச் சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்கள் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். உங்கள் பெற்றோர் புகார் கொடுத்தால் தமிழ்நாட்டில்தான் கொடுப்பார்கள், ஆகவே இது உங்களுக்கு நேரடியாக உதவும். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஆட்கொணர்வு மனுக்களுக்கு (பிடித்து வைக்கப்பட்டவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) விதிமுறை வகுத்தது. நீதிபதி அந்தப் பெண்ணிடம் குடும்பத்தார் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும், மனசை மாற்றுவதற்கு என்று கவுன்சலிங் அனுப்பக் கூடாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு 25 வயதுப் பெண்ணைப் பெற்றோரிடமிருந்து விடுவித்து, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை என்றும் எழுதியது. டாக்டரிடம் கூட்டிப்போய் “சரிபண்ண” நினைத்தால், அப்படி வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

இவ்வளவும் கோர்ட்டுக்குப் போன பிறகு கிடைப்பவை. அதற்கு நாலைந்து நாளாவது ஆகும். ஆகவே ஒரிஜினல் சர்டிபிகேட், பாஸ்போர்ட், ஆதார் மூன்றும் பெங்களூரிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். ஊருக்கு ஜெராக்ஸ் போதும். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தினமும் எந்த மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று இணையிடம் சொல்லி வையுங்கள். நான் என் விருப்பத்தோடு பெங்களூரில் வசிக்கிறேன், இன்ன தேதிக்குள் திரும்பாவிட்டால் என் சம்மதம் இல்லாமல் வைக்கப்பட்டிருக்கிறேன் என்று பொருள், எனக்காக இன்னார் மனுப் போடலாம் என்று கைப்பட எழுதி, தேதியுடன் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வக்கீலிடமும் ஒரு பிரதியை உங்கள் இணையிடமும் கொடுங்கள். பெங்களூரில் 2000-லிருந்து இயங்கும் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் போன்ற இடங்களில் இதற்கெல்லாம் பழகிய வக்கீல்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஊர் முகவரி, அப்பாவின் முழுப் பெயர், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். ஆட்கொணர்வு மனு எழுத உட்காரும்போது வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.